ஏழு பாதி இருமல்

ஒரே ஓர் இருமலுக்குள் ஏழு பாதிகள் இருக்க முடியும் என்பதை எதிர்வீட்டு அத்தையிடம்தான் தெரிந்துகொண்டேன். நான் கணிதம் படித்தவள். கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நான் வைத்துக் கொடுத்த ஆடாதொடைக் கஷாயத்தில் பாதி குறைந்துவிட்டது என்றாள். முதல் வீட்டு டீச்சர் அரைத்துக் கொடுத்த தூதுவளைத் துவையலில் பாதி. நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சி வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்ன அதிமதுரத்தில் பாதி. பால்காரர் சொன்ன பனங்கற்கண்டுப் பாலில் பாதி. எங்கள் ஆறு வீட்டுக்கும் சொந்தக்காரர் தன் கையாலேயே இடித்துக் கொண்டுவந்த சித்தரத்தைப் பொடியில் பாதி. என் கணவர் வாங்கிவந்த சிவப்பு சிரப்பில் பாதி. மதுரையிலிருந்து யாரோ ஒரு பெண் ஃபோனில் சொல்லிக்கொடுத்த மிளகு வைத்தியத்தில் பாதி. இந்த ஏழு பாதியும் போன பிறகு இருமல் முழுசாக மிச்சம் இருந்தது.

டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு வளவில் அப்போது குடியிருந்தோம். ஒரே முற்றத்தைப் பார்த்தபடி ஆறு வீடுகள், நடுவில் ஓர் அடிபம்பு. அத்தை என்றால் உறவு அத்தை இல்லை. வளவில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். டீச்சருக்குக்கூட. டீச்சர் அவளைவிட மூத்தவள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அத்தைக்கு அப்போது ஐம்பது இருக்கலாம், ஐம்பத்திரண்டு இருக்கலாம். சரியாகச் சொல்ல முடியவில்லை. அவளிடம் கேட்டால், கேட்பவர்களுக்கு எது சௌகரியமோ அந்த வயதைச் சொல்வாள்.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கும் ஆளுக்கொரு பதில் இருந்தது. வளவுக்குச் சொந்தக்காரரான பக்திமான் வீட்டுக்காரரிடம், ஒரு சாமியார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றாள். மாமியாரிடம் அடிபட்ட டீச்சரிடம், மாமியாருக்குப் பயந்துதான் என்றாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷமே ஆகியிருந்த என்னிடம், "உன் வீட்டுக்காரர மாதிரி ஒரு ஆளு அந்தக் காலத்துல அம்புடலயேட்டி" என்றாள். அன்று முழுவதும் நான் என் கணவரை ஒரு புதிய மரியாதையோடு பார்த்தேன். அப்புறம் அடிபம்படியில் டீச்சரும் நானும் பேசியபோதுதான் மற்ற காரணங்கள் வெளியே வந்தன.

அவளுடைய குணமே அதுதான். எதிரே நிற்கிறவர் முகம் சுருங்கக் கூடாது. அதற்காக என்ன வேண்டுமானாலும் சொல்வாள், என்ன வேண்டுமானாலும் சாப்பிடுவாள். ஓர் ஆடி அமாவாசை அன்று டீச்சர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என் வீட்டிலும் வந்து உட்கார்ந்து, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். "இப்படி ஒரு அவியல் நான் இதுவரைக்கும் தின்னதில்லட்டி." மூன்று வீட்டிலும் அதே வாக்கியம்.

தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் என்னிடம் ஒரு சந்தேகத்தோடு வந்தாள். நான்கு கட்சிக்காரர்களும் வளவுக்குள் வந்து போயிருந்தார்கள். நான்கு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஏட்டி, நீ படிச்ச பிள்ளை. நாலு படத்துலயும் ஒவ்வொரு குத்து குத்தினா தப்பா?"

"செல்லாத ஓட்டாப் போயிரும் அத்தே."

"ஓட்டு செல்லாட்டாப் போகுது. நான் நாலு பேருக்கும் சொன்ன சொல்லு செல்லும்லா."

குத்திவிட்டுத்தான் வந்தாள். விரல் மையைக் காட்டி நான்கு பேரிடமும் "உங்களுக்குத்தான்" என்றாள். அது உண்மைதானே என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

இப்படிப்பட்டவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களிடம் லைன் கிடைக்காது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. "இன்னும் ரெண்டு நிமிஷம், இந்தா வந்துட்டு" என்பாள். ஒரு மொத்த வியாபாரி அண்ணாச்சி காலையிலிருந்து விருதுநகருக்குக் கேட்டுக் கேட்டு, கடைசிவரை கிடைக்காமல், சாயங்காலம் நேரே வந்து ஒரு பெட்டி கருப்பட்டி கொடுத்துவிட்டுப் போனாராம். "லைன் கெடைக்கலன்னா என்ன தாயி, இருவது மட்டம் ஆறுதல் சொன்னியளே."

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வேலையிலிருந்து வருவாள். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து, அடிபம்பில் கை கால் கழுவி, முந்தானையில் துடைத்தபடி நேரே என் வீட்டுக்குள் வந்து குழந்தையைத் தூக்கிக்கொள்வாள். எட்டு மணிவரை குழந்தை அவளுடையது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் சமைப்பேன், துணி மடிப்பேன், சில நாள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா தூத்துக்குடியில். இங்கே நானும் கணவரும் மட்டும். அத்தை இல்லாவிட்டால் அந்த முதல் வருஷத்தில் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. மகள் ஐந்து மாதத்திலேயே அவள் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்புவாள். ஏழு மாதத்தில் அவளைப் பார்த்து "த்தா" என்றாள். என்னைப் பார்த்து இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமா என்றால், ஆமாம், கொஞ்சம்.

பிரஷர் இருப்பது தெரிந்தது ஒரு மத்தியானம். எக்ஸ்சேஞ்சில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை பார்த்தவர்கள் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கம். அவர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இருதயத்துக்கும் பிரஷருக்கும் பொதுவாகக் கொடுக்கிற வகை, பெயர் 'பிரில்' என்று முடியும். தினம் ஒன்று. பதினைந்து நாள் கழித்துப் போனால் பிரஷர் அப்படியே இருந்தது. அன்று துணைக்கு நானும் போயிருந்தேன்.

"மாத்திரை ஒழுங்காப் போடுதீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"போடாம இருப்பேனா? நீங்க தந்ததாச்சே."

டாக்டர் அவள் பையை வாங்கிப் பார்த்தார். அட்டையில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. நடந்தது இதுதான். டாக்டர் சொன்னார் என்று மாத்திரையை வாங்கிவிட்டாள். இங்கிலீஷ் மருந்து உடம்புக்கு ஆகாது என்று டீச்சர் சொன்னாள் என்று போடாமல் இருந்துவிட்டாள். வாங்கியதில் டாக்டருக்குத் திருப்தி, போடாததில் டீச்சருக்குத் திருப்தி. இடையில் தன் பிரஷர் என்ன ஆகும் என்பதை அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்கதானே? உங்க கையால கொடுங்க. விழுங்குதாங்களான்னு நின்னு பாருங்க."

நல்ல காரியத்தை ஒப்படைத்தால் அதை ஒழுங்காகச் செய்துவிடுகிற பிறவி நான். அது நல்ல குணமா என்று இப்போது சந்தேகம் வந்திருக்கிறது, அது வேறு விஷயம். மாத்திரை அட்டையை என் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டேன். காலை ஏழரை மணிக்கு ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு அவள் வாசலில் நிற்பேன்.

"விழுங்கிட்டேன்ட்டி."

"நாக்கத் தூக்குங்க."

தூக்கிக் காட்டுவாள். கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்களும் சிரிப்பார்கள். வீட்டுக்காரர் பால்காரரிடம், "பாத்தீரா வே, பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியாதவ, பெரிய மனுசிக்கு மாத்திரை ஊட்டுதா" என்பார். பிரஷர் இறங்கியது. டாக்டர் என்னைப் பாராட்டியதாக அத்தை வந்து சொன்னாள். அவர் நிஜமாகவே சொன்னாரா என்று தெரியாது.

மூன்றாவது வாரம் இருமல் ஆரம்பித்தது.

சளி கிடையாது. காய்ச்சல் கிடையாது. வெறும் வறட்டு இருமல். "தொண்டைக்குள்ள யாரோ கோழி எறக விட்டுக் கொடையுத மாதிரி இருக்குட்டி" என்பாள். சொல்லும்போதே சிரிப்பு வரும், சிரித்தால் இருமல் வரும், இருமினால் அதைப் பார்த்து மறுபடி சிரிப்பு வரும். எது சிரிப்பு, எது இருமல் என்று சில சமயம் பிரிக்க முடியாது. எக்ஸ்சேஞ்சில் இன்னும் வேடிக்கை. டிரங்க் கால் கேட்டவர்களெல்லாம் லைன் வருவதற்குள் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். மிளகு வைத்தியம் சொன்ன மதுரைப் பெண் அங்கே ஆபரேட்டர். ஒரு வக்கீல் தனக்கு வந்த டிரங்க் காலை நிறுத்திவைத்துவிட்டு மூன்று நிமிஷம் கஷாயம் சொன்னாராம். எல்லாவற்றையும் குறித்துக்கொள்வாள், எல்லாவற்றையும் சாப்பிடுவாள், எல்லோரிடமும் பாதி குறைந்துவிட்டது என்பாள். மருந்துக்கடை அண்ணாச்சி கொடுத்த அதிமதுரக் குச்சி காலையிலிருந்து ராத்திரிவரை கன்னத்தில் அடங்கியிருக்கும்.

ஒரு மாதம் கழிந்தது. இருமல் போகவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அப்போது எங்களைப் போன்ற தாய்மார்களுக்கு ஒரு பயம் இருந்தது. பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பார்கள். குழந்தைக்கு வருகிற காசநோய். மூன்றாவது வீட்டுப் பையனுக்கு வந்து ஆறு மாதமாக மருந்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கும் பெரியவர்களின் இருமலிலிருந்துதான் ஒட்டும் என்று அவன் அம்மா தினம் ஒருமுறை சொல்வாள். மகளுக்குத் தடுப்பூசி போடப் போனபோது அங்கிருந்த நர்ஸ் கேட்டாள், "வீட்ல யாருக்கும் நாள்பட்ட இருமல் இருக்கா?" வீட்டில் இல்லை என்றேன். அத்தை எதிர்வீடு. பொய் இல்லை. வரும் வழியெல்லாம் அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் கை கால் கழுவிவிட்டு வந்து தட்டினாள்.

"பிள்ளை தூங்குதா அத்தே."

"தூங்கட்டும், தூங்கட்டும். தூங்கினாத்தான் பிள்ளை வளரும்."

மறுநாள் எண்ணெய் தேய்த்திருக்கிறேன் என்றேன். அடுத்த நாள் இப்போதுதான் பால் குடித்தாள், தூக்கினால் கக்கிவிடுவாள் என்றேன். ஒரு வாரத்தில் காரணங்கள் தீர்ந்து மறுபடி தூக்கத்துக்கே வந்தேன். நான் வாசலில் நின்று பிள்ளை தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து "த்தா... த்தா..." என்று குரல் வரும். எனக்குக் காது கேட்காதது போல நிற்பேன். அவளும் கேட்காதது போலத்தான் நிற்பாள். "சரிட்டி, பைய எந்திரிக்கட்டும்" என்று போய்விடுவாள்.

அவளிடம் நேரே கேட்டிருக்கலாம் என்று தோன்றும். என்ன கேட்பது? உங்களுக்குக் காசநோயா என்று கேட்டால், கேட்பவள் பயந்திருக்கிறாள் என்று தெரிந்ததுமே இல்லை என்பாள். ஒருவர் எப்போதும் நல்லதையே சொன்னால் நிஜமான நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுற்றி வளைத்து ஒருமுறை, "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா என்ன அத்தே" என்றேன்.

"எடுத்துருவோம்ட்டி" என்றாள். நான்கு நாள் கழித்து அடிபம்படியில், "எடுத்தாச்சு. நெஞ்சு சுத்தமா இருக்காம். நீ இனிமே யோசிக்காத" என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாத்திரை மட்டும் நிற்கவில்லை. அது டாக்டர் ஒப்படைத்த வேலை. ஒரு நாள் என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார், "பிள்ளைக்கு ஒட்டிரும்னு பயப்படுத. தெனம் போய் நாக்கத் தூக்குங்கன்னு நிக்கியே, உனக்கு ஒட்டாதா?" அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாளிலிருந்து குருக்கள் திருநீறு போடுவதுபோல உயரத்திலிருந்து மாத்திரையை அவள் உள்ளங்கையில் போட்டேன். நாக்கைத் தூக்கச் சொல்லவில்லை. அவள் தானாகவே தூக்கிக் காட்டினாள்.

இதற்கிடையே டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்தாள். "தங்கமான மனுசன்ட்டி. பிரஷர் மறுபடி ஏறியிருக்காம். ஒண்ணு போதாதுன்னு இனிமே ரெண்டாத் தந்திருக்கார்." பந்தியில் இன்னொரு வடை விழுந்தது போலச் சொன்னாள். நான் இரண்டாகப் போட ஆரம்பித்தேன். இருமலும் இரண்டானது.

அப்புறம் கல்லிடைக்குறிச்சியில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. இருபது நாள் லீவு போட்டாள். இருபது நாளுக்கும் மாத்திரையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, நூல் சுற்றி, மேலே காலை இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். அவள் பஸ் ஏறியபோது எனக்கு ஓர் ஆசுவாசம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது சரியாக இருக்காது.

திரும்பி வந்தவளிடம் இருமல் இல்லை. சுத்தமாக இல்லை.

வளவில் அன்று நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "நான் அப்பமே சொன்னேன்லா, தூதுவளைன்னா தூதுவளைதான்" என்றாள் டீச்சர். வீட்டுக்காரர், "தூதுவளை என்ன செய்யும், கடைசியா உள்ள போனது என் சித்தரத்தைல்லா" என்றார். பால்காரர் கறந்த பாலைக் கீழே வைக்காமலேயே பனங்கற்கண்டுக்காக வாதாடினார். ஆற்றுத் தண்ணி மாறியதுதான் என்று மூன்றாவது வீட்டுக்காரி புதிதாக ஒரு கட்சி ஆரம்பித்தாள். அத்தை நடுவில் நின்று எல்லோருக்கும் ஆமாம் போட்டாள். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை ஆளுக்கொரு கட்டு, எல்லோருக்கும் ஒரே அளவு, நன்றியாகக் கொடுத்தாள்.

எனக்கான அப்பளக் கட்டை அவள் தன் பையோடே கொடுத்திருந்தாள். பையை உதறியபோது அடியிலிருந்து என் மாத்திரைப் பொட்டலம் விழுந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

கோபம் வந்தது. குழந்தையை மறுபடி அவளிடம் கொடுக்கலாமா என்று அன்று காலைதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று தள்ளிவைத்தேன். மறுநாள் ஏழரைக்குப் போய் நின்றேன். "அங்கன கல்யாண வீட்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் காப்பி தந்துக்கிட்டே இருந்தாவட்டி, மாத்திரை போட வெறும் வயிறு வாய்க்கவே இல்ல" என்றாள். இரண்டு மாத்திரையையும் விழுங்கவைத்து, நாக்கைத் தூக்கச் சொன்னேன்.

ஒன்பதாவது நாள் எதிர்வீட்டிலிருந்து இருமல் சத்தம் கேட்டது.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினேன். மாத்திரை உண்டு, இருமல் உண்டு. மாத்திரை இல்லை, இருமல் இல்லை. மாத்திரை உண்டு, இருமல் உண்டு. மாத்திரை இரண்டு, இருமல் இரண்டு. எழுதிவிட்டு அடித்தேன். மருந்து எப்படி நோய் தரும்? டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? மறுபடி எழுதினேன். குழம்பு அடிபிடித்தது. மூன்று நாள் அந்தத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன். நினைத்தது சரியாக இருந்தாலும் அது எனக்கு நல்லதாகப் படவில்லை. அந்த இருமலைத் தினமும் அவள் உள்ளங்கையில் போட்டது நான். அந்த இருமலுக்காகக் கதவைச் சாத்தியதும் நான்.

நான்காவது நாள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். எங்கள் முறை வந்து உள்ளே போக எழுந்திருக்கும்போது, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இப்பம் எதுக்கு அத்தே கற்கண்டு?"

"டாக்டர் முகத்துக்கு நேரே இருமலாமாட்டி, மரியாத இல்ல. இத அடக்கிக்கிட்டா பத்து நிமிஷம் தாங்கும்."

"எப்பமும் இப்படித்தான் போவியளா?"

"எப்பமும்."

நான் கையை நீட்டினேன். "துப்புங்க."

அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே துப்பினாள்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். "எப்படி இருக்கீங்க?" என்றார் டாக்டர். "உங்க புண்ணியத்துல எவ்வளவோ தேவல" என்று தொடங்கினாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அப்புறம் அந்த அறையில் இருமல் மட்டும்தான் இருந்தது. மேசை அதிர்ந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"எத்தனை நாளா இது?"

"மூணு மாசமா, டாக்டர்" என்றேன். காலண்டர் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. இந்த மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமலக் கொண்டுவரும். நெஞ்சுக்குக் கெடுதல் இல்ல, ஆரையும் ஒட்டாது. வேற மாத்திரைக்கு மாத்தினா நின்னுரும்." பிறகு அவளைப் பார்த்தார். "மொத வாரமே வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனேம்மா. ஏன் சொல்லல?"

"நீங்க நம்பித் தந்த மாத்திரை. அதக் கொற சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்காதா?"

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். "வேற என்னெல்லாம் சாப்பிடுதீங்க?" என்றார். அவள் ஆடாதொடையில் ஆரம்பித்தாள். அதிமதுரத்துக்கு வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். அதை நாள் முழுதும் மென்றால் பிரஷர் ஏறுமாம். நான் மனத்துக்குள் ஒரு சுற்று போட்டுப் பார்த்தேன். மாத்திரையால் இருமல், இருமலுக்கு அதிமதுரம், அதிமதுரத்தால் பிரஷர், பிரஷருக்கு இன்னொரு மாத்திரை. அத்தையும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. டாக்டருக்கும் ஒட்டிக்கொண்டது. ஊரில் இருபது நாள் மாத்திரை போடாததற்கு மட்டும் சிரித்து முடித்துவிட்டுத் திட்டினார். தானாக நிறுத்துவது இருமலைவிட ஆபத்து என்றார். புதிய மாத்திரை எழுதினார். "இதுக்குக் கணுக்கால் கொஞ்சம் வீங்கலாம். வீங்கினா வந்து சொல்லணும்." அவள் சரி என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

கிளம்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துரலாமா டாக்டர்?"

அத்தை பைக்குள் கையை விட்டு ஒரு பழுப்புக் கவரை எடுத்து மேசையில் வைத்தாள். "இந்தா இருக்கே." டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் இருந்த தேதியை நானும் பார்த்தேன். அடிபம்படியில் அவள் என்னிடம் சொன்னதற்கு முந்தின நாள். நெஞ்சு சுத்தமாக இருந்தது.

வெளியே வந்து, "அன்னைக்கே இத ஏன் அத்தே எங்கிட்ட காட்டல?" என்றேன்.

"நீ நம்பலன்னு உன் முகத்துலயே தெரிஞ்சுதேட்டி. படத்தக் காட்டியிருந்தேன்னா, நம்பாமப் போயிட்டமேன்னு உனக்குத்தான கூச்சமா இருக்கும்."

இருமல் இரண்டு வாரத்தில் நின்றது. யார் வைத்தியத்தால் என்று வளவில் மறுபடி பேச்சு கிளம்பியது. நான் வாய் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, நானே எதிர்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அத்தை இரண்டு கையையும் நீட்டினாள்.

மகள் அவளைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டு அழுதாள்.

பத்து மாதக் குழந்தைக்கு இரண்டரை மாதம் என்பது வாழ்நாளில் கால்வாசி. அது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அத்தை நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு கீழே இறங்கின. என்ன செய்வது என்று தெரியாமல், குழந்தையை இடுப்பில் இடுக்கியபடியே அவள் காலடியில் உட்கார்ந்து, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை.

"வீக்கம் இல்லட்டி" என்றாள்.

"அத்தே, எம்மேல வருத்தமா?"

இல்லை என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். அதற்கு அடுத்து நான் என்ன சொல்ல வேண்டும் என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

"ஆமா" என்றாள். "ரொம்ப வருத்தம். உள்ள இருந்து பிள்ளை கூப்பிடுதா, நீ தூங்குதான்னு சொல்லுத. எனக்குத் திரும்பி நடக்கக் கால் வரல பாத்துக்கோ." சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிட்டேன்லா. இதையும் சொல்லிருதேன். உன் அவியல்ல உப்பே இருக்காது. எந்த அமாவாசைக்கும் இருந்ததில்ல."

எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மகள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். "கொண்டுபோயிட்டு நாளைக்கு வாறேன் அத்தே, இன்னைக்கு அழுதா" என்று எழுந்தேன்.

"அழட்டும்" என்றாள் அத்தை. என் இடுப்பிலிருந்து குழந்தையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை உதைத்தது. மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அவள் விடவில்லை. வீறிட்டு அழுகிற குழந்தையோடு முற்றத்தில் இறங்கினாள். டீச்சர் வாசலில் வந்து, "என்னத்தே, பிள்ள இந்தக் கத்து கத்துதே" என்றாள்.

"உன் சோலியப் பாருட்டி" என்றாள் அத்தை. முற்றத்தை ஒரு சுற்று சுற்றினாள். இரண்டாவது சுற்றிலும் குழந்தை அழுதது. மூன்றாவது சுற்றுக்குத் திரும்பினாள்.